பெயர்ப்பலகைக்கு ஒரு சொல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் செருகிய பென்சில், மடியில் துணிச்சுருள். அதன் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். மேலகரத்தில் ஜன்னலுக்குத் துணி தைத்துத் தரும் கடை திறக்கப் போகிறாராம். பெயர்ப்பலகைக்குத்தான் சொல் அமையவில்லை.

“கர்ட்டன்னு போட்டா அது லத்தீன்லேருந்து வந்தது அண்ணாச்சி. படுதான்னா பாரசீகம். நமக்குன்னு திரை இருக்குல்லா! கடல்ல வார அலையும் திரைதான், மூஞ்சில விழுத சுருக்கமும் திரைதான். இந்தா பாருங்க, ரெண்டும் இதுல இருக்கு!”

உற்சாகத்தில் துணியை உதறி விரித்தார். அது முன் சீட்டு அம்மாவின் தலையை மூடிவிட்டது.

“ஏதாவது ஒண்ண எழுதித் தொலையுமய்யா!” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் கர்ட்டன் என்றார். நான் திரை என்று கத்தினேன். யார் கட்சி ஜெயித்தது என்று தெரிவதற்குள் அவர் மேலகரத்தில் இறங்கிவிட்டார்.

அடுத்த மாதம் ஆவல் தாங்காமல் அந்தக் கடையைத் தேடிப் போனேன். வாசலோரம் பலகை நின்றது. அதன்மேல் ஒரு பச்சைத் துணி தொங்கியது.

“கடைசில என்னதான் எழுதுனீங்க?”

“எல்லாரும் அதத்தான் கேக்காவ. மொதல்ல உள்ள வாங்க.”

உள்ளே நல்ல கூட்டம். வெளியே வரும்போது, அவர் பார்க்காத நேரத்தில் துணியைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் பலகை.

அதற்குள் நான் மூன்று ஜன்னலுக்கு அளவு கொடுத்திருந்தேன்.