தலைக்கு ஊற்றி அனுப்பும் டியூஷன்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு திறப்பு விழா. வந்தவர்கள்: அம்மா, நைனா, நான், எதிர்வீட்டு கௌரி அக்கா, தெருப் பிள்ளைகள் ஒரு டஜன், மைக் செட்காரர். வராதவர்கள்: தலைமை தாங்க வேண்டிய சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர் — நாயுடுபேட்டையில் ஒரு கல்யாணம். ரிப்பன் வெட்ட வேண்டிய மாமா — அதே கல்யாணம், ரிப்பனைவிட பிரியாணி முக்கியம். அப்புறம்... சரளா அக்கா.

அக்கா வர முடிந்திருந்தால் விழாவுக்கே தேவை இருந்திருக்காது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: சரளா என் அக்கா. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போய், யார் யாரோ பேசப்போகும் செல்போன்களுக்கு ஸ்க்ரூ முடுக்கினாள். அந்தச் சம்பளத்தில் நான் திருப்பதியில் டிகிரி படித்தேன். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதிக்க வைத்தவள் அவள். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

கம்பெனியிலிருந்து வந்த பணத்தை அம்மா தொடவேயில்லை. பேங்கில் கிடந்தது. நான் மெதுவாக அறக்கட்டளைப் பேச்சை எடுத்தேன். பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், அக்கா பேரில். அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"அவ பேர தெனம் நாலு பேரு வாயால சொல்லணும்டா. அதுக்குன்னா பண்ணு."

நான் படித்தவன் இல்லையா? பிளான் போட்டேன். வீட்டு முன்னறையில் சாயங்கால வகுப்பு. தெலுங்கு மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு, இங்கிலீஷ், கொஞ்சம் தமிழ். வாசலில் இரண்டு பாஷையிலும் ஃப்ளெக்ஸ். உள்ளே அக்காவின் பெரிய போட்டோ — சந்தன மாலை, விளக்கு, ஊதுபத்தி. விழா அன்று அவளுக்குப் பிடித்த வடை பாயசத்தை இலையில் படைத்து, அப்புறம்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். என்ன ஒரு பயபக்தி!

முதல் நாள் வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நடையைக் கட்டினார்கள். மறுநாளும் அப்படியே. எனக்குக் கோபம். கௌரி அக்காவின் மகள் லாவண்யாவை நிறுத்தி ஒழுக்கப் பாடம் எடுத்தேன்.

"போகும்போது 'போய்ட்டு வரேன் சார்'னு சொல்ல மாட்டியா?"

"சொல்லக் கூடாதாம் சார். சாவு வூட்ல அப்டி சொன்னா ஆவாதாம். எங்கம்மா சொல்லிக்கினு இருந்துச்சி."

பாடம் அங்கேயே நின்றது.

வாரக் கடைசியில் வந்தது இரண்டே பிள்ளைகள். நேராக கௌரி அக்காவிடமே போனேன்.

"தப்பா நென்ச்சிக்காத தம்பி, நீ நல்லதுதான் பண்றே. ஆனா நீயே மாலையப் போட்டு, வெளக்க வெச்சி, படையலும் போட்டுட்டே. வருசங்கூடத் திரும்பல. அங்க போய் வர்ற புள்ளய தலைக்கு ஊத்தாம எப்டி உள்ள வுடறது? தெனம் சாயங்காலம் ஊத்தினா சளி புடிக்காதா? தண்ணிக்கு நான் எங்க போவேன், எங்கூட்ல மோட்டாரா ஓடுது?"

அதாவது... நான் டியூஷன் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவோ, எங்கள் வீட்டில் தினசரி கருமாதி நடப்பதாக நினைத்திருக்கிறது! மாலை போடுவது சுலபம். மாலை போட்ட இடத்துக்கு ஜனம் வருமா என்று யோசிக்க எந்த டிகிரியிலும் சொல்லித் தருவதில்லை.

"போட்டோவை உள்ரூமுக்கு மாத்திடலாம்மா" என்றேன்.

"மாத்து. என்னியும் சேத்து உள்ள தள்ளி கதவச் சாத்து."

நைனா சமாதானத்துக்கு வந்தார். "இல்லடி, மாலைய மட்டும் கயட்டிட்டா..."

"நீ சும்மா கெடய்யா!"

எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பிள்ளைகள் வராவிட்டால் பேர் சொல்ல ஆளில்லை. போட்டோவை எடுத்தால், அப்புறம் யாருடைய பேர்?

மறுநாள் வேலை முடிந்து வருகிறேன்... பக்கத்துக் காலி மனையில் புகை. மூன்று கல் கூட்டி, அண்டாவில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. சோப்பு, சீயக்காய், புதுத் துண்டுகள் தயார். கௌரி அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள்.

"குளிச்சாதான வுடுவே? நானே தலைக்கு ஊத்தி, தொவட்டி அனுப்பறேன். தீட்டு எதுவும் உன் வாசலுக்கு வராது. புள்ளய அனுப்புடி!"

தெரு யோசித்தது. ஒரு பக்கம் தீட்டு. இன்னொரு பக்கம் ஓசி வெந்நீர். இரண்டில் எது ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா என்ன?

இப்போது உட்கார இடமில்லை. பாதிப் பேருக்கு வாய்ப்பாட்டைவிட வெந்நீரில்தான் நாட்டம். பள்ளிக்கூடமே சேராத பொடிசுகளும் வருகின்றன. ஒரு தாய் வந்து, "பாபு, பேன் கூட பாப்பீங்களா?" என்று கேட்டார். அறக்கட்டளையின் நோக்கங்களில் அது இல்லை என்று பணிவாகச் சொன்னேன். அதற்குள் அம்மா பேன் சீப்பு வாங்கிவிட்டாள்.

கண்ணில் சீயக்காய் பட்டுப் பிள்ளைகள் கத்துகிறார்கள். அம்மா பதிலுக்குக் கத்துகிறாள். சரளாவுக்கும் இப்படிக் கத்திக் கத்தித்தான் ஊற்றினாளாம். எத்தனையோ மாதங்கள் கழித்து, அம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்கிறது.

தெருவின் குரலும்தான். "துன்னது போதும் எழுந்திரு, சரளாவுக்கு டைம் ஆவுது!" "ஏய், சரளாவுக்குப் போனியா இல்லியா? காதுக்குப் பின்னால அழுக்கு அப்டியே கீது?" டியூஷன் என்று யாரும் சொல்வதில்லை. நான் பார்த்துப் பார்த்து வைத்த 'சரளா நினைவு குழந்தைகள் கல்வி அறக்கட்டளை' முழுசாக ஒருவர் வாயிலும் நுழையவில்லை. சரளா நுழைந்துவிட்டாள்.

போன வாரம் அம்மா என்னை பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா பணத்தில் முதல் தடவையாகக் கை வைத்தாள். கல்வி அறக்கட்டளையின் முதல் மாதச் செலவு: நோட்டு, பென்சில், சாக்பீஸ் — நானூற்று இருபது ரூபாய். விறகு, சோப்பு, சீயக்காய், துண்டு, டேங்கர் தண்ணீர் — மூவாயிரத்து அறுநூற்று எண்பது.