நேப்பிள்ஸில் அப்பாவின் சட்டை வாசனை

நேப்பிள்ஸ் நகரத்துக்கு அடியில் இருக்கும் பழைய கல் சுரங்கத்தைச் சுற்றிக்காட்டிய பெண், "ரொம்ப ஆழம், பயப்படாதீங்க" என்றாள். எனக்கோ அந்த ஈரப்பாறை வாசனை, ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் சட்டை வாசனை. எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால், தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டுப் பாத்திரமெல்லாம் கடகடவென உருளும், அம்மா அவற்றைப் பொறுக்கி அடுக்கிவிட்டு, கீழே போய் உயிரோடு வருவாரா என்று தெரியாத அப்பாவுக்கும் சேர்த்தே உலை வைப்பாள், அவர் வந்து நின்றாலும் அழமாட்டாள், "இன்னா பாக்கறீங்க, கை கழுவினு வாங்க" என்பாள்.

இன்று மூடிக்கிடக்கும் எங்கள் சுரங்கத்தில் தண்ணீர், லைன் வீட்டில் முள்செடி. டிக்கெட் வாங்கிப் பார்க்க யாரும் வருவதில்லை. அதற்காக எங்கள் ஊர் ஊரில்லை என்றாகிவிடுமா?

"எந்த ஊர் நீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கேஜிஎப். எங்க அப்பா வேலை பார்த்த ஆழத்துக்கு இது மொட்டை மாடிங்க" என்றேன்.