எவெலியோ முதுகைத் தொடாத வருஷம்

காப்பி விளையும் பித்தலீத்தோ ஊரில் சுளுக்கு எடுப்பதென்றால் எவெலியோதான். காப்பி மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தவன், கோவேறு கழுதை தள்ளி மணிக்கட்டுப் பிசகியவள் என்று வாசலில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். தன் கைக்குத் தெரியாத எலும்பே இல்லை என்று பீற்றிக்கொள்வார். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான். கையும் லேசுப்பட்ட கை இல்லை.

காப்பி ஆலையில் வேலை செய்யும் நூபியா, ஏழு வயது மகள் யூலியெத்தைத் தூக்கிவந்தாள். ரத்தப் புற்றுக்கு மருந்தேற்றித் தேறிவரும் பிள்ளை. மூன்று வாரமாக முதுகுவலி, எங்கேயோ விழுந்திருப்பாள் என்றாள். எவெலியோ எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார். பிள்ளை துடித்தாள். சுளுக்கெடுத்தால் கத்தத்தான் செய்யும் என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

மறுவாரம் பிள்ளைக்குக் கால் மரத்துப்போய்த் திரும்பவும் தூக்கிவந்தாள். இந்தத் தடவை முதுகில் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். ஒரே இடத்தில் எலும்பு கொதித்தது. பிள்ளையின் சடையில் காப்பி உமி ஒட்டியிருந்தது.

"இவள எங்க படுக்க வெக்கிற?"

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஆலையில் உமி மூட்டைமேல்தான் படுக்க வைக்கிறேன் என்றாள் நூபியா. தூசியே ஆகாதென்று டாக்டர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தால், சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

"இது சுளுக்கில்லம்மா. நான்தான் தப்பாத் தொட்டுட்டேன்."

அன்றைக்கே அவரும் கூட பஸ் ஏறி நெய்வா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நூபியா உமிப் பேச்சை விழுங்கப் பார்த்தாள். எவெலியோ எல்லாவற்றையும் சொன்னார், தான் உருவியது உட்பட. டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். எலும்பில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்த்தால், முதுகெலும்பில் பூஞ்சை. உமித் தூசியோடு மூச்சில் போனது, எதிர்க்கத் தெம்பில்லாத உடம்பில் குடியேறியிருந்தது. ஒரு வருஷம் மருந்து சாப்பிட வேண்டும், நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

அந்த வருஷம் எவெலியோ யார் முதுகையும் தொடவில்லை. கை கால் சுளுக்கு மட்டும் பார்த்தார். கிழவனுக்குக் கை நடுங்குகிறது என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த அறுவடைக்கு யூலியெத் வந்தாள், முதுகுப் பட்டையோடு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே வந்தாளாம். எவெலியோ எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பிடித்திழுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாருங்கய்யா. சுடுதா?"

"சுடலம்மா" என்றார். இந்தத் தடவை கையைச் சட்டென்று எடுக்கவில்லை.