பள்ளம் பார்த்து நின்ற கார்

பிரசவ வலியிலிருந்த அத்தையை நடுமலையில் நிறுத்தியது அப்பாவின் மறதி அல்ல, என் கைவேலை. அப்பாவும் மாமாவும் காலமான பிறகுதான் இதை எழுதத் துணிகிறேன்.

கம்போங் ராஜா ஊருக்குப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் அப்பாவிடம் மட்டுமே கார் இருந்தது. யாருக்கு நோய் வந்தாலும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அதில் பெட்ரோல் எண்ணெய் அளவைக் காட்டும் முள் எப்போதும் அடியிலேயே கிடக்கும். அப்பா கோடு கீறிய மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு அளவு பார்ப்பார். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் படிக்கத் தொடங்கியிருந்த எனக்கு அந்தக் குச்சி அவமானமாகப் பட்டது.

விடுமுறையில் முள்ளைச் சரிசெய்தே தீருவது என்று இறங்கினேன். “கார வெடிக்க வெச்சிடாதடா,” என்றாள் அம்மா. டாங்கியின் மூடியைக் கழற்றி, உள்ளே முள்ளை ஏற்றி இறக்கும் கம்பியின் நுனியிலிருந்த பித்தளை மிதவையை எடுத்தேன். ஆட்டினால் உள்ளே எண்ணெய் சலசலத்தது. வெந்நீரில் அமுக்கியதும் ஓட்டையிலிருந்து குமிழ் வந்தது. வடித்து, காயவைத்து, ஈயம் வைத்து அடைத்தேன். ஈயம் ஒட்டவில்லை. சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். குமிழ் நிற்கும்வரை நானும் விடவில்லை.

மாட்டியதும் முள் எழுந்தது. ஆனால் குச்சி அரை டாங்கி என்றது, முள் கால் என்றது. முள் அரைக்கு வரும்வரை கம்பியை வளைத்தேன். அப்பா முள்ளின் மேலிருந்த கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, குச்சியை அடுப்பெரிக்க அம்மாவிடம் கொடுத்தார். லயத்தில் எல்லோரிடமும், “என் மவன் செஞ்சது லா!” என்றார்.

என் தவறு எனக்கே பிறகுதான் விளங்கியது. எங்கள் லயத்தில் சமதரை கிடையாது. பேட்டரிக்கு வலுவில்லை, உருட்டினால்தான் கார் கிளம்பும் என்பதால் எப்போதும் அதன் மூக்கு பள்ளத்தைப் பார்த்தே நிற்கும். எண்ணெய் முன்பக்கம் ஒதுங்கிவிட, பின்பக்கமிருந்த மிதவை தாழ்ந்திருந்தது. அப்பா குச்சியில் அந்தச் சாய்வுக்கென்றே கோடு போட்டிருந்தார். நானோ அந்தச் சாய்வில் வைத்தே கம்பியை வளைத்துவிட்டேன். ரோட்டுக்கு வந்தால் முள் இல்லாத எண்ணெயைக் காட்டும்.

ஒரு காலையில் அம்மாவின் தம்பி, என் மாமா, ஓடிவந்தார். அத்தைக்கு வலி. பின்னால் அவரும் அத்தையும், முன்னால் அப்பாவும் நானும். உருட்டிக் கிளப்பி ரோட்டில் ஏறியதும் அப்பா முள்ளைப் பார்த்தார். கால் டாங்கிக்கு மேல். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எண்ணெய்க் கடையைத் தாண்டி ஓட்டினார்.

கோலா தெர்லா தாண்டி, கியா பார்ம் ஏற்றத்தில் கார் இருமி நின்றது. அப்பா இறங்கி ஒரு நீளப் புல்தண்டை ஒடித்து டாங்கிக்குள் விட்டார். காய்ந்தே வந்தது. ஜன்னல் வழியே குனிந்து முள்ளைப் பார்த்தார். அது இன்னும் கால் டாங்கிக்கு மேலேயே நின்றது.

“என்ன மச்சான் ஆச்சு?” என்றார் மாமா பின்னாலிருந்து.

“எண்ணெய் போட மறந்துட்டேன் மாப்ள.”

“மறந்துட்டியா? இங்க ஒரு உசுரு துடிக்குது, உனக்கு மறதியா?”

நான் முள்ளிலிருந்து கண்ணை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பனிமூட்டத்தில் வந்த ஒரு காய்கறி லாரியில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே, அத்தைக்குப் பெண் பிறந்தது. இருவரும் பிழைத்ததே பெரிது. மாமா அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. “அந்தக் காருல பிள்ளத்தாச்சிய ஏத்தாத லா,” என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அவசரத்துக்கு எங்கள் கதவைத் தட்டுவது நின்றுபோனது.

அப்பா முள்ளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதாவது யாராவது காரில் ஏறினால், “என் மவன் செஞ்சது,” என்று அப்போதும் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். அவர் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு நிம்மதி.

ஒருநாள் பின் இருக்கைக்கு அடியில் பந்தைத் தேடியபோது, பழைய சாக்கில் சுற்றி மறைத்த புது மூங்கில் குச்சி ஒன்று கையில் பட்டது. கோடுகள் கீறி, நுனி எண்ணெயில் நனைந்திருந்தது. அப்பாவுக்குப் பழைய பழக்கம் விடவில்லை என்று சிரித்துக்கொண்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பந்தோடு ஓடினேன்.