வாளைக்கு முறுக்கிய கம்பி

அக்கா வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், கூடத்துச் சுவரிலிருந்து அத்தானின் படத்தை இறக்கி, அதன் முதுகில் கிடந்த கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார். "என்ன சார் இது, வீணைத் தந்தி மாதிரி இருக்கு? ஓரத்துல கறுப்பு நூலு வேற. தூரப் போட்டுட்டு நைலான் கயிறு வாங்கிக் குடுங்க, நல்லா மாட்டித் தாரேன்" என்றார். ஒரு முழம்கூட இல்லாத முறுக்குக் கம்பி. தன்னை முறுக்கியவரைத்தான் அது இத்தனை வருஷமாகச் சுமக்கிறது என்பதை அவருக்கு விளக்கப் புகுந்தால் அன்றைக்கு வெள்ளையடித்த மாதிரிதான். வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். அத்தான் ஒரு விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. வாரம் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அவர் கண்டுபிடித்த இடம் மேலநீலிதநல்லூர் போகிற பாதையில் இருந்த குளத்தங்கரை. கையில் தூண்டில். குறி, அந்தக் குளத்தில் கிடந்த ஒரு வாளை.

வாளையை மீன் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். செதில் கிடையாது, வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், அந்த வாய்க்குள் சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாகப் பல். மற்ற மீன்களைத் தின்றே மனுஷப் பருமனுக்கு வளருகிற ஜென்மம். அத்தானுடைய தூண்டிலில் கட்டியிருந்த தங்கூசி நரம்பை ஒவ்வொரு ஞாயிறும் கவ்வும், இழுக்கும், அறுத்துக்கொண்டு போகும். "அது கடிக்கல மாப்ளே, அறுக்குது. தூண்டி முள்ளு நல்லாத்தான் மாட்டுது. முள்ளுக்கு மேல உள்ள நரம்பு அதோட பல்லுல போய் உக்காருது" என்று அவர் எனக்கு விளக்குவார். நான் அப்போது நூலகத்தில் கனமான புத்தகங்களாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்த காலம். வாழ்க்கையும் அப்படித்தான் என்று ஏதோ சொன்னேன். அவர் அறுந்த நரம்பைச் சுற்றிக்கொண்டே, "ஆபீஸ்ல உன்னைய எப்படி வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

இதில் அக்காவின் பங்கு அம்மி. ஞாயிறு காலையில் அத்தான் தூண்டிலை எடுத்ததுமே மீன் குழம்புக்கு மசாலா அரைக்க உட்கார்ந்துவிடுவாள். மத்தியானம் அத்தான் வெறுங்கையோடு வருவார். அரைத்த மசாலாவை என்ன செய்வது? கத்தரிக்காய் போட்டுக் கொதிக்கவைப்பாள். கத்தரிக்காயை மீனாகப் பாவித்து, முள் இருக்குமோ என்ற ஜாக்கிரதையோடு சாப்பிடுவதில் நான் தேர்ச்சி அடைந்திருந்தேன். ஒருநாள் அக்கா குழவியைக் கழுவிச் சாத்திவைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தாருங்க, இனிமே நான் முன்கூட்டி அரைக்க மாட்டேன். மீனு அடுப்பங்கரையில வந்து கெடக்கட்டும், அப்புறம் அம்மியத் தொடுதேன்."

அத்தான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணாச்சி தெருவில் பார்க்கிற இடத்திலெல்லாம், "என்ன வே, வாளைக்கு நரம்பு வாங்கிக் குடுத்தே குடும்பம் அழிஞ்சிரும் போலிருக்கே!" என்று கேட்பார், அதெல்லாம் அத்தானுக்குப் பொருட்டே இல்லை. அவர் மீன் பிடிப்பார் என்று ஊரில் நம்பிய ஒரே ஆள் அம்மியை விட்டு எழுந்துவிட்டதுதான் அவருக்கு ஆகவில்லை.

அந்த வாரமே கம்பி வேலை தொடங்கியது. முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவே வாளையின் பல் படுகிற நீளத்துக்குக் கம்பி வேண்டும். அது அறுபடவும் கூடாது, விறைத்து நிற்கவும் கூடாது. கட்டடக்காரர்களின் கட்டுக்கம்பி மடங்கின இடத்தில் ஒடிந்தது. ரேடியோக் கடைச் செப்புக்கம்பி மிட்டாய் மாதிரி நீண்டது. அப்போதுதான் அத்தானின் பார்வை என் சைக்கிள் மேல் விழுந்தது.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எல்லாச் சைக்கிளுக்கும் வளையாத இரும்புக்கம்பி பிரேக். முதல் சம்பளத் திமிரில் நான் வாங்கிய சைக்கிளுக்கு மட்டும் வயர் பிரேக். அதைத் தெருவுக்கே காட்டுவதற்காகத் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிடித்து நிறுத்துவேன். "உள்ள இருக்கது நல்ல எஃகு மாப்ளே. புரி புரியா இருக்கும்" என்றார் அத்தான். பின் பிரேக் வயர் பரிசோதனையில் போயிற்று: வளையத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்தார், சூடு பட்ட இடத்தில் எஃகு செத்துப்போய் ஒடிந்தது. முன் பிரேக் வயரைப் புரி பிரித்து, நாலு இழையைச் சேர்த்து, அக்கா தறிக்காகத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற ராட்டையில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்து முறுக்கினார். இரண்டு பக்கமும் வளையம் மடக்கி, வாலை இறுக்கிச் சுற்றினார். அருமையான கம்பி. அதோடு விட்டிருக்கலாம்.

"மின்னுது" என்றார். மீன் மிரளுமாம். கறுப்புப் பருத்தி நூலை அதன் மேல் நெருக்கமாகச் சுற்றினார். நூல் என்று வந்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. தறியில் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரி கஞ்சி போட்டு, துணிக் கொடியில் காயவும் போட்டுவிட்டார்.

ஞாயிறு வந்தது. அக்கா அம்மிப் பக்கம் திரும்பவில்லை. பிரேக் இல்லாத சைக்கிளில் இருவரும் போனோம். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் பின்னால் இருந்த நான் செருப்பைத் தரையில் தேய்த்தேன். தூண்டிலைப் போட்டதும் குளத்திலுள்ள குஞ்சு மீனெல்லாம் கஞ்சி குடிக்கக் கூடிவிட்டது. தண்ணீர் கொதிக்கிற மாதிரி அதைச் சுற்றி ஒரே துள்ளல். குத்தகை அண்ணாச்சி கரையில் நின்று பார்த்தார். "என்ன வே, அன்னதானமா?"

அத்தான் முகம் தொங்கிவிட்டது. நரம்பின் நுனியைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிவிட்டு, பீடி பற்றவைக்கத் திரும்பி உட்கார்ந்தார். அத்தனை குஞ்சு மீன் ஒரே இடத்தில் விருந்து சாப்பிட்டால் அதைத் தேடி யார் வருவார் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வாளைக்குத் தோன்றியது.

ஒரே இழுப்பு. ஸ்டாண்டு மடங்கிச் சைக்கிள் சரிவில் தானாகக் கிளம்பியது. "ஏலே, பிரேக்கப் புடிலே!" என்று அத்தான் கத்தினார். பிரேக் வாளையின் வாயில் இருந்தது. அது சைக்கிளிலேயே இருந்திருந்தாலும் ஏறிப் பிடிக்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம். கல்லில் தட்டி மணியடித்துக்கொண்டே சைக்கிள் தண்ணீருக்குள் இறங்கிப் படுத்தது. நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து, நான் சைக்கிளை இழுக்க, அத்தான் நரம்பை இழுக்க, எதிர்ப்பக்கம் வாளை இழுக்க, யார் யாரைப் பிடித்தோம் என்று தெரியாத ஒரு நேரம் போயிற்று. கடைசியில் கரையில் சைக்கிள் கிடந்தது, நாங்கள் கிடந்தோம், அத்தான் இடுப்புயரத்துக்கு வாளையும் கிடந்தது. அதன் வாயில் கம்பி. நூல் பஞ்சு பஞ்சாகப் போயிருந்தது. எஃகில் நாலைந்து கீறல், அவ்வளவுதான். குத்தகை அண்ணாச்சி பங்கு கேட்கவில்லை. "சைக்கிள விட்டு மீன் புடிச்சவன்கிட்ட நான் என்னத்தக் கேக்க?" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அத்தான் மீனை அடுப்பங்கரையில் கிடத்திவிட்டு ஒதுங்கி நின்றார். அக்கா மீனைப் பார்த்தாள், அவர் வேட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள், பிறகு ஒரு மூலையில் கவிழ்த்திருந்த பித்தளைத் தட்டை எடுத்தாள். உள்ளே மசாலா, வழுவழுவென்று அரைத்து உருட்டியது. "கத்தரிக்காய்க்குன்னு அரைச்சேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். அன்றைக்கு வீட்டில் ஒரு கத்தரிக்காய்கூட இல்லை. அத்தான் அன்று மூன்று பேர் சோற்றை ஒருவரே சாப்பிட்டார்.

புதிய பிரேக் வயர் போட எனக்கு அடுத்த சம்பளம்வரை ஆயிற்று. வெள்ளையடிப்பவர் கேட்ட நைலான் கயிறு வாங்க அந்த அளவுக்குக் கஷ்டமில்லை. கடைத்தெருவில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு நடுவே, அக்கா அத்தான் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றை நீட்டினேன். வாங்கி, துணி காயப்போட ஆகும் என்று ஓரமாக வைத்துவிட்டு, என் சட்டைப்பைக்குள் தானே கைவிட்டுக் கம்பியை எடுத்து வெள்ளையடிப்பவரிடம் கொடுத்தாள்.

"பழசும்மா, தாங்காது" என்றார் அவர்.

"அம்புட்டுப் பெரிய வாளையவே விடல" என்றாள் அக்கா. "இவுகளையா விட்டுரும்? மாட்டுங்க."