கவர்னர் மேல் வந்த பிராது

நான் அரிசி வாங்கப் போனால் கடைக்காரப் பாய் எழுந்து நின்று சலாம் வைக்கிறார். "வாங்க கவர்னர் துரை, இன்னிக்கு எந்தத் தேசத்தப் புடிக்கப் போறீங்க?" என்கிறார். மயிலாப்பூர்க் கடற்கரைக்கு நான் வந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நான் என்ன ஆனேன் என்று இலங்கையில் என் ஊரான மன்னாரில் விசாரிக்கிறவர்களுக்கு இதுதான் பதில்: நான் இங்கே கவர்னராக இருக்கிறேன்.

வந்த கதை சிறியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கப்பல்களில் கரி அள்ளினேன். காய்ச்சல் கண்டதும் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கரையோரமாகத் தெற்கே நடந்தேன். இந்தக் குப்பத்தார் கஞ்சி ஊற்றினார்கள், வலைக் கொட்டகையில் படுக்க இடம் தந்தார்கள். கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் வலையை நம்மூரில் கரைவலை என்போம், இங்கே பெரிய வலை என்கிறார்கள். கயிறு கையை அறுப்பது இரண்டிலும் ஒன்றுதான். அந்நியனுக்கு மீனில் பங்கு உண்டா என்பதை மட்டும் ஊர் சொல்ல வேண்டியிருந்தது. "மாதா திருநாள் முடியட்டும், பாக்கலாம்" என்றார் குப்பத்துத் தலைவரான நாட்டார். இல்லையென்றால் வேறு கரை தேட வேண்டியதுதான். எத்தனையோ கரைகளை விட்டு வந்தவன் நான். இதை விட மட்டும் மனம் வரவில்லை.

திருநாளுக்கு ஒரு நாடகம் தேடினார்கள். கப்பலில் என்னோடு கரி அள்ளிய மணிலாக்காரன் சொன்ன கதையைச் சொன்னேன். ஸ்பெயின் தேசத்துப் படைத்தலைவன் ஒருவன். ஏழை வீட்டில் பிறந்தவன். குதிரையும் துப்பாக்கியுமாகப் பிறர் கரையில் இறங்கித் தங்கத்துக்காக ஊர்களை எரித்தான். பிறகு அதே மண்ணுக்குக் கவர்னராகித் தெருவும் கோயிலும் கட்டி வரி வாங்கினான். பதவி முடிந்ததும் அவன் ஊர் நடுவில் நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அவன்மேல் பிராது சொல்லலாம். அது அவர்கள் ராஜாவின் சட்டம். கதையில் அந்த இடம் குப்பத்தாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தப் பாவியின் வேஷத்தை எவரும் ஏற்காததால் எனக்கே கட்டினார்கள். நாட்டார் நீதிபதியானார்.

பிராது சொல்ல மூவருக்குப் பாடம் கொடுத்திருந்தோம். அவர்கள் முடித்ததும், பாடத்திலேயே இல்லாத லூர்து என்ற மீன்காரி கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"நாட்டாரே, என் பிராதும் ஒண்ணு கீது. இந்தக் கவர்னரு கப்பல் கத சொல்லிச் சொல்லி என் வூட்டுக்காரன் பொட்டி கட்டி வெச்சிக்கினு கீறான். அவன் பூட்டா என் அடுப்பு எரியுமா?"

"ஏய், உக்காருடி! கவர்னரு இன்னா பண்ணுவாரு?" என்று கத்தினான் அவள் புருஷன் அந்தோணி.

"நீ மூடு. உன் மேல பிராது அப்பாலிக்கு வரும்" என்றாள் லூர்து.

எல்லாரும் சிரித்தார்கள். லூர்து சிரிக்கவில்லை.

"கப்பலைப் பற்றிக் கதைச்சது உண்மைதான். போகச் சொல்லேல்லை" என்றேன்.

"இன்னாடா பேசறாரு? ஸ்பெயின் பாஷையா?" என்றது ஒரு குரல்.

கவர்னரைச் சங்கிலியில் கட்டிச் சொந்த நாட்டுக்கு அனுப்புவதுதான் நாடகத்தில் எழுதியிருந்த தீர்ப்பு. நாட்டார் அதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் தகர வாளைக் கீழே வைத்தேன்.

"ஊருக்கு அனுப்பினா இவன் தப்பிச்சிக்குவான்" என்றார் நாட்டார். "அந்தோணி கப்பலேறாம பாத்துக்கறது இனிமே இவன் வேல. டேய் கவர்னரு, நாளைலேந்து வலைக் கயித்துல அவன் பின்னால நில்லு. பங்கு உண்டு. அவன் போனா உன் பங்கும் போச்சு."

இப்படி ஒரு தண்டனைக்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை. இப்போது லூர்து வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு; அவள் என் இலையில் வைக்கும் மீன் அந்தோணிக்கு வைப்பதைவிடப் பெரியது.

காலையில் வலை இழுக்கும்போது சில நாள் கொழும்புக் கப்பல் புகைவிட்டபடி தெற்கே போகும். அந்தோணியின் கை தளரும். "பார்க்காம இழு, மச்சான்" என்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கயிற்றில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. புகை மறையும்வரை நான் பார்த்துக்கொண்டே இழுப்பேன்.