குரங்குப் படம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் தெருவில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். ஆண்டிமடத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊர். ஒரு வருடம் முந்திரி நல்ல விலைக்குப் போனதில் அப்பா கொஞ்சம் தாராளமாகி, ஜெயங்கொண்டத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கி வந்துவிட்டார். ஆன்டெனாவை மூங்கில் கம்பத்தில் கட்டியிருந்தோம். காற்றடித்தால் யாராவது வாசலுக்குப் போய்க் கம்பத்தைத் திருப்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்காக மிருகங்களைப் பற்றிய படம் போடுவார்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேசுவதெல்லாம் இந்தி. நான் அப்போது ஜெயங்கொண்டத்துக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். டைப்ரைட்டிங்குக்கும் இந்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. படித்த பெண் என்றால் டிவியில் பேசுவதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நானும் வாய்க்கு வந்ததை அடித்துவிடுவேன். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள்.

குரங்குப் படம் என்றால் கூட்டம் கூடுதலாக இருக்கும். முந்திரி பழுக்கும் மாதங்களில் எங்களுக்குக் குரங்கைப்போல எதிரி கிடையாது. பழத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, கொட்டையைக் கண்ட இடத்தில் வீசிவிட்டுப் போகும். அம்மா விடிந்ததும் தகர டின்னை எடுத்துக்கொண்டு முந்திரிக் கொல்லைக்குப் போய்விடுவாள். டின்னைத் தட்டித் தட்டி அவளுக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அதே அம்மா டிவியில் குரங்குக்குட்டி ஆற்றில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் உச்சுக்கொட்டுவாள். நம்மூர்க் குரங்கைவிட நல்ல வளர்ப்பு என்று எதிர்வீட்டு அத்தை சான்றிதழ் கொடுப்பாள்.

அந்த வருடம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தே பிறந்தது. அப்படிப் பிறந்தால் எங்கள் பக்கம் பெற்றவளுக்கு முகத்தைக் காட்ட மாட்டார்கள். பார்த்தால் மனசு பிடித்துக்கொள்ளும், அடுத்தது தங்காது என்பார்கள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்வதில்லை. அக்காவுக்கு நினைவு திரும்புவதற்குள் அம்மாவும் சித்தப்பாவும் குழந்தையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். துணைக்கு இருந்த எனக்கும் காட்டவில்லை. எங்கள் கொல்லையில்தான் புதைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. எந்த இடம் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டது. அது வற்றுவதற்காக அம்மா மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பூ வாங்கி வந்தவள் நான். இன்றைக்கும் மல்லிகை வாசனை வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அக்கா அழவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். அக்கா வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, உடம்பு தேறட்டும் என்று சொல்லிப் போய்விட்டார். வந்து போன பெண்களெல்லாம் என்ன தைரியம் என்று அவளைப் பாராட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படியே இருந்துவிடுவாளோ என்று அம்மா அடுப்படியில் என்னிடம் மட்டும் கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லைக் காவலுக்கு அப்பா போயிருந்தார். டிவியில் குரங்குக் கூட்டம் ஒன்று. குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்துக் கிளையிலிருந்து விழுந்தன. கூடமே சிரித்தது. அக்காவும் உள்ளறையிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்து ஒரு தாய்க்குரங்கைக் காட்டினார்கள். அதன் கையில் ஒரு குட்டி. தலை தொங்கியது. மற்றவை முன்னால் போய்விட, இது மட்டும் பின்தங்கி நடந்தது. குட்டியைக் கீழே வைத்தது. நாலடி போனது. திரும்பி வந்து எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து அதன் மயிரை விலக்கி விலக்கிப் பேன் பார்த்தது.

என்ன சொல்கிறார்கள் என்று அத்தை என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அம்மா டிவியை அணைப்பதற்கு எழுந்தாள்.

“இருக்கட்டும்மா,” என்றாள் அக்கா. “அது செத்துப்போச்சு. அவ குடுக்க மாட்டேங்கறா, அவ்வளவுதான்.”

படம் முடிவதற்கு முன்பே அத்தை பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போனாள், அவள் பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம்.

“என் புள்ளய எனக்கு ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல?” என்றாள் அக்கா.

அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். காட்டக்கூடாது என்பார்கள் என்று முனகினாள்.

“ஆணா, பொண்ணாம்மா?”

“பொண்ணு. தல நெறைய முடி.”

யார் தூக்கிப் போனது என்று அக்கா கேட்டாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ்ஸில்தான் கொண்டுவந்தார்கள். ஆம்பிளை கையில் துணி மூட்டை இருந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று சித்தப்பா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா பெண்கள் பக்கம், முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல கூட்டம். கைப்பிள்ளைக்காரி என்று இடம் விட்டார்கள்.

“பக்கத்துல இருந்த பொம்பள, புள்ள சத்தத்தையே காணுமேன்னு கேட்டா. தூங்குதுன்னு சொன்னேன். எறங்குற வரைக்கும் தட்டிக் குடுத்துக்கிட்டே வந்தேன்டி.”

அக்கா தரையோடு நகர்ந்து வந்து அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். எனக்கு சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மாவின் கை அக்காவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.